அடைப்புக்குறிக்குள் எட்டு நிமிடம்

1

போன மாதம் ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். உங்கள் முதல் கதை எது, அது எப்படிப் பிறந்தது, அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் என்று. அச்சில் வந்த முதல் கதையின் பெயரைச் சொல்லி, அது ஒரு மழைநாளில் ரயில் ஜன்னலோரம் உதித்ததாக அளந்துவிட்டு அனுப்பினேன். அதில் மழையும் பொய், ரயிலும் பொய். ஜன்னல் மட்டும் உண்மை. அது வகுப்பறை ஜன்னல்.

என் முதல் கதையை நான் கல்லூரி மூன்றாம் ஆண்டில், வகுப்புக் குறிப்பேட்டின் நடுவில், எட்டு நிமிட இடைவெளி ஒன்றை நிரப்ப எழுதினேன். அதற்கு ஒரே ஒரு வாசகி. அது கதை என்று அவளுக்குத் தெரியாது. அந்த அரைப் பக்கம் படத்தோடு அச்சாகி வந்த நாளிலிருந்து எனக்கு மனது சரியில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறை தொடங்கினேன். அழிக்காமல் வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

"ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது" (வேண்டாம். காய்ச்சலில் தொடங்கினால் நீங்கள் உடனே பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் கடைசிப் பக்கம் வரை நிறுத்த மாட்டீர்கள்.)

"உயர்கல்வியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகள் என்று எடுத்துக்கொண்டால், அவை" (இது பேச்சுப் போட்டிக்குப் போகிற வாக்கியம். பாதியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

"நான் நல்லவள்தான், ஆனால்" (இப்படித் தொடங்குகிற யாரையும் நம்பாதீர்கள்.)

நான்காவதாக ஒரு கதவிலிருந்து தொடங்குகிறேன்.

2

எங்கள் கல்லூரியில் உடற்குறை உள்ள மாணவர்களுக்காக ஒரு பிரிவு இருந்தது. நூலகத்தின் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், சரிந்த கூரையோடு ஓர் அறை. கதவில் ஓர் அட்டை: "மணியை அடித்துவிட்டுக் காத்திருக்கவும். உள்ளே வரலாம் என்ற குரல் கேட்ட பிறகே கதவைத் திறக்கவும்."

என் அந்த ஒரே வாசகி முதல் ஆண்டில் அந்தக் கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றாள். உள்ளே இருந்த அலுவலர் பிற்பாடு என்னிடமே சொன்னார்.

"தொண்டத் தண்ணி வத்துற அளவுக்குக் கத்தறேன்மா. உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு. அந்தப் பொண்ணு அசையவே மாட்டேங்குது. சரி, ஏதோ திமிருபோலன்னு விட்டுட்டேன்."

மனிதர் கெட்டவர் இல்லை. அவளுக்கு வேண்டிய அனுமதிக் கடிதத்தை அன்றைக்கே தட்டச்சு செய்து கொடுத்தவர். முன்வரிசை இருக்கை. ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நின்று பேச வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு. குறிப்பெடுத்துத் தர அதே வகுப்பிலிருந்து ஒருவர். ஒவ்வொரு பருவமும் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆசிரியரிடமும் போய் அவள் கையெழுத்து வாங்க வேண்டும். (அட்டையை மட்டும் அவர் மாற்றவே இல்லை. அது முதல்வர் அலுவலகத்திலிருந்து வந்ததாம்.)

குறிப்பெடுக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் என் கையெழுத்து. வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள் எப்படி அடுத்தவர் பேச்சைக் கவனிப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. எழுதுவது அடித்தாளிலும் பதியும்படி கரித்தாள் வைத்த குறிப்பேடு ஒன்று கொடுத்தார்கள். மேல்தாள் அவளுக்கு, அடித்தாள் பிரிவின் கோப்புக்கு.* ஒன்பது விதிகள் அச்சிட்ட தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். ஏழாவது விதி இது:

"காதில் விழாத அல்லது கவனிக்கத் தவறிய பகுதியை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் [கேட்கவில்லை] என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்."

படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தெரியாது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

* அடித்தாள்களை நான் கடைசி வரை கோப்பில் சேர்க்கவில்லை. இந்தக் கதையில் மேற்கோளாக வருவதெல்லாம் அவற்றிலிருந்து. இப்போதும் என் மேசையில் இருக்கின்றன, கையில் எடுத்தால் விரல் நீலமாகிறது.

3

அவளுக்கு வகுப்பில் அடிக்கோடு என்று பெயர். படிப்பதில் எல்லாம் பச்சை மையால் கோடு போடுவாள். பிடித்த வரிக்கும் கோடு, சண்டை போட நினைக்கிற வரிக்கும் கோடு. எது எதற்கு என்று கேட்டால், "எனக்குத் தெரியும்ல, போதும்" என்பாள்.

எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் அவள்தான். "வகுப்புல எல்லாரும் உன் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. உன் வாயும் ஓயல. ரேடியோதான்டி நீ. நல்ல வேளை, எனக்குக் கேக்காது."

நான் அவளுக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் பாதி உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். மீதியைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அவள் வாயால்தான் பேசுவாள். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது என்பதால், என்னிடம் சொன்ன இரகசியம் எல்லாம் பேருந்தில் கண்டக்டர் வரைக்கும் தெரியும்.

(இங்கே ஒரு சந்தேகம். இவளை நான் ரொம்ப நல்லவளாக, சாமர்த்தியசாலியாக எழுதிக்கொண்டு போகிறேன். செய்த தப்புக்குப் பரிகாரமாகப் பாத்திரத்துக்கு மெருகேற்றுகிறேனோ? சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் பேனாக்களில் ஆறு இன்னும் அவளிடம் இருக்கின்றன. யாராவது தூரத்தில் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு நேரே போய்ச் சண்டை போடுவாள். பத்தில் ஏழு முறை அது தப்பாக இருக்கும். குறிப்பெடுத்துக் கொடுத்ததற்கு ஒரு நாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை.)

அதைக் கேட்டும் விட்டேன். அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"நன்றி சொல்ல ஆரம்பிச்சா எனக்கு நாள் பத்தாதுடி. திரும்பி நின்னு பேசினவருக்கு ஒண்ணு, எழுதிக் குடுத்தவளுக்கு ஒண்ணு, பொறுமையா ரெண்டாவது தடவ சொன்னவனுக்கு ஒண்ணு. நீ ஒரு நாளைக்கு எத்தன பேருக்குச் சொல்ற?"

எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். இவள் பக்கத்தில் இருப்பவரை இடித்து "என்ன? என்ன சொன்னா?" என்பாள். அவர் சிரித்து முடித்த களைப்பில், "ஒண்ணுமில்ல, விடு" என்பார்.

"வீட்லயும் அதான்," என்றாள் ஒரு நாள். "அம்மா, அப்பா, அண்ணன், எல்லாரும். ஒண்ணுமில்ல விடு, ஒண்ணுமில்ல விடு. உலகத்துல எல்லாரும் ஒண்ணுமில்லாததப் பத்தித்தான் நாள் முழுக்கப் பேசறாங்க போல."

அன்றிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையை மட்டும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

4

நாங்கள் படித்தது நகரமைப்பு. சாலைகள் பாடம் எடுத்த பேராசிரியர் முப்பது வருடமாகக் கரும்பலகையோடு பேசுபவர். கடிதத்தில் வகுப்பைப் பார்த்துப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறதே என்று அவள் கேட்டபோது, "நான் பேசறத பலகைலயும் எழுதறேனேம்மா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதியது எண்களை மட்டும்.

அன்றைக்குச் சாலை அகல அட்டவணை. எந்த வகைச் சாலைக்கு எத்தனை மீட்டர், நடைபாதைக்கு எத்தனை, ஓரக்கல் எத்தனை உயரம். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பதினொன்று பத்துக்கு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

எதிரே பேருந்து நிறுத்தம். புது நிழற்குடை, பெஞ்சு, கூரை எல்லாம் இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பன்னிரண்டு பேர் பத்தடி தள்ளி, கொளுத்துகிற வெயிலில், தலையில் பையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பேருந்து வந்தது, போனது. மறுபடி பலகையைப் பார்த்தபோது பதினொன்று பதினெட்டு. பலகை துடைக்கப்பட்டு வேறு தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

விதிப்படி நான் [கேட்கவில்லை] என்று எழுத வேண்டும். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டேன். அடித்தாளில் அந்த ஒற்றைக் குறி இன்னும் இருக்கிறது, மூடாமல். அதற்கு மேல் கை ஓடவில்லை. காதால் கேட்க முடியாத ஒருத்திக்கு, காது நன்றாக இருக்கிற நான், கேட்கவில்லை என்று எப்படி எழுதிக் கொடுப்பது? வகுப்பில் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சொல்லோ அவள் வாழ்க்கை. ஒண்ணுமில்ல விடு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அவமானமாக இருந்தது.

அதனால் அவர் சொன்னதுபோல இதை எழுதினேன்:

"ஒருமுறை ஒரு நிழற்குடை கட்டினோம். நல்ல கூரை, நல்ல பெஞ்சு. ஒருவரும் உள்ளே நிற்கவில்லை, பத்தடி தள்ளி வெயிலில் நின்றார்கள். ஒரு வாரம் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நிழற்குடையின் பக்கவாட்டில் நாங்கள் வைத்த விளம்பரப் பலகை வருகிற பேருந்தை மறைத்தது. காத்திருப்பவருக்கு நிழல் அப்புறம்தான். வருவது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அட்டவணையில் இது இருக்காது, நீங்கள் போய்த்தான் பார்க்க வேண்டும்."

எழுதி முடித்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. இப்போதும் நான் எழுதும்போது ஏதாவது சரியாக வந்துவிட்டால் வியர்க்கிறது. அதனால்தான் இதை முதல் கதை என்கிறேன்.

5

அடுத்த வாரம் அவள் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நிழற்குடைப் பத்தி முழுக்கப் பச்சைக் கோடு.

"இத அவரா சொன்னாரு? அந்தப் பலகைக்காரரா?"

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன்.

"ரேடியோ, நான் சின்ன வயசுலேர்ந்து நிழற்குடைக்கு உள்ள நிக்கமாட்டேன். வெளியதான் நிப்பேன். பஸ் சத்தம் எனக்குக் கேக்காதில்ல, பாத்துக்கிட்டே இருந்தாத்தான் உண்டு. அண்ணன் திட்டுவான், ஏன்டி லூசு மாதிரி வெயில்ல நிக்கறன்னு. நான் செவிடுங்கறதால அப்படி நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவள் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "எல்லாருமே அப்படித்தான் நிக்கறாங்கன்னு இவர் சொல்றார்டி!"

அவள் முகத்தை அதற்கு முன் அப்படி நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதியது பொய். பன்னிரண்டு பேர் வெயிலில் நின்றது உண்மை. விளம்பரப் பலகை உண்மையா என்று மாலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். பற்பசை விளம்பரம், ஆள் உயரத்துக்குப் பற்கள், அதற்குப் பின்னால் சாலை தெரியவில்லை. அப்படியானால் நான் சொன்னது பொய்யா, இல்லையா? பேராசிரியர் சொன்னார் என்ற ஒன்றுதான் பொய். அது சின்னதா, பெரியதா?

தெரியவில்லை என்பதாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கை அரித்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் இன்னும் பத்து இடங்களில் நுழைத்தேன். அட்டவணைகளில் கை வைக்கவில்லை, அவள் மதிப்பெண் குறையக் கூடாது. அட்டவணைகளுக்கு நடுவில் அவர் குரலில் ஏதாவது. "மாடிப்படி திரும்புகிற இடத்தில்தான் மனிதர்கள் நின்று சண்டையைத் தீர்த்துக்கொள்கிறார்கள், அங்கே ஒரு ஜன்னல் வைக்க மறக்காதீர்கள்." "பூங்கா பெஞ்சுக்கு நடுவில் கைப்பிடி வைத்தவனுக்கு யார் மேல் கோபம் என்று யோசித்துப் பாருங்கள்."

அவள் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்து அவர் வெளியே போகும்போது இவள் முன்வரிசையிலிருந்து வணக்கம் சொல்வாள். அவர் திருதிருவென்று விழிப்பார்.

(காதில் பூச்சுற்றுவது என்று சொல்வோமே. காது கேட்காதவளுக்கே சுற்றியவள் நான். இந்த வாக்கியத்தை நகைச்சுவைக்காக வைத்தேன். இப்போது படிக்கச் சிரிப்பு வரவில்லை. இருக்கட்டும்.)

6

மூன்றாம் ஆண்டின் கடைசியில் ஆய்வு வழிகாட்டியைத் தேர்வு செய்ய வேண்டும். நான்காம் ஆண்டு முழுக்க அந்த ஒருவரோடுதான். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

மாதிரிக் கூடம் நடத்தும் மேடம் அவளைத் தானாகவே கூப்பிட்டிருந்தார். அட்டையில் தெருக்களைச் செய்து வைத்து, அவற்றைக் கையால் காட்டிக் காட்டிப் பாடம் நடத்துபவர். பேசும்போது முகம் பார்த்துப் பேசுவார். அவரிடம் ஓர் இடம் மீதம் இருந்தது. அவளுக்காகவே வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"மேடம் நல்லவங்கதான்," என்றாள். "ஆனா நான் சார்கிட்டதான் போகப்போறேன். தலைப்பு அவர் குடுத்தது. நிழற்குடையில ஏன் யாரும் நிக்கறதில்ல. நூறு நிறுத்தம் போய்ப் பாக்கப்போறேன்."

"மேடம்கிட்டயும் அந்தத் தலைப்பையே பண்ணலாமே," என்றேன்.

"அவர் சொன்னத எடுத்துக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட போறதா? என்னடி நீ, அது அசிங்கம் இல்ல?"

இவள் ஒரு வருடத்தை, அதற்குப் பின் அமைகிற வேலையையும்கூட, ஒரு மனிதரை நம்பி வைக்கப்போகிறாள். அந்த மனிதர் எங்கும் இல்லை. அவர் வாயிலிருந்து இவளுக்குப் பிடித்த ஒரு வாக்கியம்கூட வந்ததில்லை. வந்ததெல்லாம் என்னிடமிருந்து. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன், ஒவ்வொரு நாளும் வேறு எதையாவது பேசி மூடினேன். ரேடியோவுக்கு அதிலா கஷ்டம்.

7

வியாழக்கிழமை மதியம் அவர் அறைக்குப் போனோம். அவர் சொல்வதை அவளுக்கு எழுதிக் காட்ட நானும் போக வேண்டியிருந்தது. அதுவும் கடிதத்தில் இருக்கிறது.

அவள் பச்சைக் கோடு போட்ட தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார்.

"நானா சொன்னேன் இத?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் இன்னொரு முறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ம்ம். சொல்லியிருப்பேன். முப்பது வருஷமாப் பேசறேன், எல்லாமா ஞாபகம் இருக்கும்? நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

குட்டு வெளிப்படும் என்று பயந்து போனவள் நான். அவரோ அந்த வரிகளைத் தன்னுடையதாகவே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். இதை எந்த வகையில் எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நியாயமாக இது கேலிக் காட்சி. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

பிறகு அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக் கோப்பு எதையோ தேடிக்கொண்டே சொன்னார்:

"நல்ல பொண்ணுதான். ஆனா நூறு நிறுத்தத்துல போய் நிக்கணும், கண்டவங்ககிட்டயும் பேச்சுக் குடுக்கணும், அவங்க சொல்றதக் கேக்கணும். இவளுக்கு எப்படிமா முடியும்? எனக்கு இது வீண் தலைவலி. அந்த மேடம்கிட்டயே போகச் சொல்லேன். நீ பக்குவமாச் சொல்லு."

அவள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன்: "நல்ல தலைப்பு. களப்பணி கடினமாக இருக்கும். யோசித்து முடிவு செய்."

"யோசிச்சுட்டேன் சார்," என்றாள் அவள், அறை அதிர.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசினாரு. முதுகு ஆடுச்சு, பாத்தேன். மூணு வரிதானா?"

"சுருக்கி எழுதினேன்."

"சுருக்காதடி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

பதினோரு இடங்களில் இல்லாததைச் சேர்த்தபோது அவள் உலகம் கொஞ்சம் பெரிதானது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. இந்த மூன்று வரியில் அதுவும் முடியவில்லை. அவளைப் பற்றி அவள் முன்னால் சொன்னதை அவளிடமிருந்தே எடுத்து ஒளித்தேன். ஒண்ணுமில்ல விடு என்று சொல்லாமலேயே சொல்லிவிட்டேன்.

8

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். இங்கே மழை வருகிறது. (பத்திரிகைக்கு எழுதிய மழை பொய். இது மெய். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, நான் நம்பச் சொல்கிற நிலையில் இல்லை.) பிடித்து ஊற்றிய மழையில் வெளியே நின்ற அத்தனை பேரும் நிழற்குடைக்குள் புகுந்தார்கள். அவளும் வேறு வழியின்றி உள்ளே வந்தாள். பற்பசைப் பற்களுக்குப் பின்னால் சாலை மறைந்துவிட்டது.

குறிப்பேட்டை முழங்காலில் வைத்து எழுதினேன். கரித்தாள் உள்ளேயே இருந்தது. அடித்தாளில் இருப்பது இது:

"சாலை அகலப் பாடம். 11.10 முதல் 11.18 வரை நான் கவனிக்கவில்லை. நிழற்குடையைப் பற்றி சார் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து நான் எழுதியது. அதன் பிறகு வந்த பத்து இடங்களும் நான்தான். இன்று அலமாரியைப் பார்த்து அவர் சொன்னது: இவளுக்கு எப்படி முடியும், எனக்கு வீண் தலைவலி, மேடத்திடம் போகச் சொல். நான் எழுதிக் கொடுத்த மூன்று வரியும் பொய். மேடத்திடம் இடம் நாளை மதியம் வரை இருக்கிறது. உனக்கு [கேட்கவில்லை] என்று எழுதித் தரக் கூச்சப்பட்டேன். அதில்தான் தொடங்கியது. மன்னிப்பு"

(கொடு என்று முடிப்பதா, கேட்கிறேன் என்று முடிப்பதா என்று தடுமாறி அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.)

அவள் குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்துப் படித்தாள். படிக்கும்போதே பச்சைப் பேனா வெளியே வந்தது. ஓரிடத்தில் ஒரே ஒரு கோடு, அழுத்தி. மேல்தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கோடு கரித்தாள் வழியாக அடித்தாளிலும் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்: "இவளுக்கு எப்படி முடியும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்து நின்றுவிட்டது. உள்ளே நின்ற ஒருவருக்கும் அது வருவது தெரியவில்லை. எல்லோரும் இடித்துக்கொண்டு ஓடினார்கள், அவளும் ஓடி ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழைக்காகக் கண்ணாடிகளை எல்லாம் மூடிவிட்டிருந்தார்கள். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, என்னைப் பார்த்து, நிதானமாக, நான் அவளுக்காகப் பேசுவேனே அதே நிதானத்தில், இரண்டு வாக்கியம் சொன்னாள்.

பேருந்து கிளம்பிவிட்டது. மழைச் சத்தத்திலும் வண்டிச் சத்தத்திலும் எனக்கு ஒன்றும் விழவில்லை. மூன்று வருடம் அவளோடு இருந்தும் உதடு படிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. அது அவள் வேலை என்றே நினைத்திருந்தேன்.

9

இத்தனை வருடமாக அந்த இரண்டு வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

"பரவால்லடி. நல்லாத்தான் எழுதியிருக்க." (எனக்கு நானே எழுதிக்கொண்ட மன்னிப்பு. கிழித்துப் போட்டேன்.)

"இனிமே என் மூஞ்சில முழிக்காத. துரோகி." (இதுவும் எனக்குச் சௌகரியம். தண்டனை கிடைத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.)

"அப்போ அந்த நிழற்குடையப் பாத்தது நீயா? நீயும் என்கூட வா." (இதுதான் மோசம். குற்றவாளியையே கதாநாயகி ஆக்குகிறது. இதை எழுதிய அன்று ரொம்ப நேரம் அழகு பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

நடந்ததைச் சொல்கிறேன், அதுவாவது உதவுமா பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் பேராசிரியருக்கு நேராகத்தான் இருந்தது. தலைப்பு நிழற்குடை. மேடத்தின் அந்த ஓர் இடம் காலியாகவே கிடந்தது. தெரிந்தே ஏன் அவரிடம் போனாள்? முடியாது என்றவர் கண்ணெதிரே முடித்துக் காட்டவா? எனக்குத் தெரியாது. நூறு நிறுத்தம் போனாள் என்று மட்டும் தெரியும். கேள்விகளை அட்டையில் எழுதி எடுத்துப் போனாளாம், ஜனங்கள் அட்டையிலேயே பதில் எழுதிக் கொடுத்தார்களாம். ஆய்வேட்டின் முகவுரையில் யாருக்கும் நன்றி இல்லை.

திங்கட்கிழமை முதல் அவளுக்குக் குறிப்பெடுப்பவர் மாறிவிட்டார். என்னைப் பற்றி அவள் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்று அலுவலர் சொன்னார். "கையெழுத்து வேற வேணும்னு எழுதியிருக்கு, அவ்வளவுதாம்மா." புதிதாக வந்தவள் பக்கத்துக்குப் பத்து இடத்தில் [கேட்கவில்லை] என்று எழுதினாள். அடிக்கோடு அந்தப் பத்து இடங்களையும் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் முன்னால் போய் நின்று, "சார், இங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். அவர் தப்பிக்க வழியில்லாமல் திரும்பி நின்று, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு முறை சொல்வார். அன்றைக்கே நான் அடைப்புக்குறியை மூடியிருந்தால் அவர் எப்போதோ திரும்பியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பட்டியல் ஒட்டிய அன்றே நான் அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். "பஸ்ல என்ன சொன்ன? கேக்கல."

பதில் உடனே வந்தது.

"ஒண்ணுமில்ல. விடு."

அதோடு சரி. அதன் பிறகு ஒரு வருடம் ஒரே வகுப்பில் இருந்தோம், எதிரே வந்தால் தலையசைத்தோம். அந்த இரண்டு சொல்லில் இருந்தது கோபமா, கேலியா, பழக்கமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு முன் அவள் எத்தனை ஆயிரம் முறை இப்படி நின்றிருப்பாள் என்பது மட்டும் பிடிபட்டது.

உங்களில் யாருக்காவது உதடு படிக்க வந்தால், நான் பார்த்ததைத் தருகிறேன். முதலில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. பிறகு கீழ்ப்பற்கள் தெரிந்தன. சிரிப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடுவில் ஒருமுறை நிறுத்தி என் கண்ணைப் பார்த்தாள், புரிகிறதா என்று சோதிப்பது போல. நான் தலையாட்டினேன். (ஆமாம், புரியாமலேயே ஆட்டினேன். அவள் ஒருபோதும் அப்படி ஆட்டியதில்லை.) இரண்டாவது வாக்கியம் சின்னது. கடைசியில் வாய் திறந்தபடி நின்றது, கண்ணாடியில் ஆவி படிந்தது.

இதை வைத்து நீங்கள் ஏதாவது நிரப்பிக்கொள்ளலாம், உங்களைத் தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் அந்த ஏழாவது விதிக்குக் கையெழுத்துப் போட்டவள். பேருந்து ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது:

[கேட்கவில்லை]